தாங்க்ஸ்கிவிங்குக்கு எல்லாரும் வருகினம்: வளவு வேலையில எதை முடிக்கலாம்?

மேப்பிள்வளவு (ஸ்காபரோ, கனடா)
ஒக்டோபர் தாங்க்ஸ்கிவிங் நீள வார இறுதிக்கு அம்மா, அப்பா, அண்ணை குடும்பம், தங்கச்சி எல்லாரும் வருகினம். தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து 6 கிழமை. அப்பாவுக்கு முழங்கால் மாத்தினது, ஏணி ஏற ஏலாது. அண்ணையின்ர பிள்ளையள் 9, 12, 14 வயது. முன்வளவில பெரிய நோர்வே மேப்பிள், பீலிக்குள்ள இலை. வெளிப் பைப் பூட்டவேணும், உள்ளி நடவேணும், சட்டியில கறிவேப்பிலை நிக்குது. ஆக்கள் நிக்கேக்க எதைச் செய்யிறது?

பீலி_பாக்கிறவர்
இலையையும் பீலியையும் விடுங்கோ. நோர்வே மேப்பிள் மற்ற மேப்பிளுகளுக்குப் பிந்தித்தான் கொட்டும். ஒக்டோபரில துப்புரவாக்கினால் நவம்பர் நடுவில திரும்பவும் ஏறவேணும். அப்ப அண்ணை ஒருத்தர் வந்து ஏணி பிடிச்சால் போதும். 4 அடி உயரத்துக்கு 1 அடி கணக்கில ஏணிக்கால் தள்ளி நிக்கவேணும். பீலியில சாத்தாதேங்கோ. அலுமினியம் நசுங்கி வாட்டம் கெட்டால் தண்ணி தேங்கி ஐஸாகும். ஏணித் தலைப்பில தாங்கி பூட்டினால் பாரம் சுவரில போகும்.

பிள்ளையளுக்கு வேலை வேணுமெண்டால், காய்ஞ்ச இலையைப் புல்லில பரவிவிடச் சொல்லுங்கோ. புல்லுவெட்டியை 3 அங்குல உயரத்தில வைச்சு நீங்கள் ரெண்டுதரம் ஓட்டுங்கோ. துகளுக்குள்ளால புல்லுத் தெரிஞ்சால் அப்பிடியே விடலாம். மூடினால் புல்லு அழுகும், மிச்சத்தைக் கடதாசிப் பையில போடுங்கோ. ஈர இலை அடைச்சால் பையின்ர அடி பிஞ்சுபோகும். பாரமும் 20 கிலோவைத் தாண்டக்கூடாது.

உள்ளிப்பாத்தி
உள்ளி அம்மா அப்பாவுக்கு ஏத்த வேலை: மேசையில இருந்து பல்லுப் பிரிக்கலாம். மேல்தோல் உரியாமல், பெரிய பல்லை மட்டும் எடுக்கவேணும். கூர் மேல பாக்க, 2–3 அங்குல ஆழம், 6 அங்குல இடைவெளி, மேல 4 அங்குலத்துக்கு அரைச்ச இலை. பலசரக்குக் கடை உள்ளி வேண்டாம், அதில கனக்க இந்தக் குளிருக்குத் தாக்குப்பிடிக்காது. சந்தையில 'மியூசிக்' இனம் கேளுங்கோ. ஆடியில கிண்டலாம்.

கறிவேப்பிலை வார இறுதி வரைக்கும் காத்திருக்காது. இரவு 10 பாகைக்குக் கீழ போகமுதல் உள்ளுக்கு எடுங்கோ. இலையின்ர அடியிலும் தண்டிலும் கபிலப் புள்ளி ஒட்டிக்கொண்டு, நகத்தால சுரண்டக் கழண்டால் அது செதில்பூச்சி. சவுக்காரத் தண்ணியால துடைச்சிட்டு எடுங்கோ. உள்ள வந்ததும் இலை கொட்டும். பட்டுப்போச்செண்டு தண்ணியைக் கூட்டினால்தான் வேர் அழுகும்.

குழாய்வேலை
பைப்பை 14 வயதுப் பிள்ளைக்குக் காட்டிக்குடுங்கோ. முதல் ஹோசைக் கழட்டுங்கோ. பூட்டினபடி விட்டால் குளிர் தாங்கிற பைப்பும் வெடிக்கும். பேஸ்மன்ற் வால்வைப் பூட்டி, வெளிப் பைப்பைத் திறந்து, வால்வில இருக்கிற சின்ன மூடியைக் கழட்டினால் இடையில நிண்ட தண்ணி வாளிக்குள்ள வடியும். பிறகு மூடியைப் பூட்டுங்கோ, வெளிப் பைப் திறந்தபடி கிடக்கட்டும். நவம்பரில பீலி கழுவ வாளித் தண்ணி காணும்.