திருக்கோகர்ணம் வீடு (குடும்பக் குழு): செல்வி சித்தியின் ஸ்கூட்டி வகுப்பு

பிரியா: அனைவருக்கும் வணக்கம். அப்பா காலமாகி மூன்று மாதம் ஆகப்போகிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அம்மா சத்துணவு மையத்துக்குத் திரும்பியாக வேண்டும். மையம் இருக்கும் ஊருக்குள் வரும் ஒரே பேருந்து காலை ஒன்பதரைக்கு மேல்தான் வருகிறது. அரிசியும் பருப்பும் அளந்து கொடுத்து அடுப்பை மூட்டச் செய்ய எட்டரைக்கெல்லாம் அம்மா அங்கே இருக்க வேண்டும். இத்தனை வருடமும் அப்பா கொண்டுபோய் விட்டார். இப்போது அம்மா தானே ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறார். உமா அக்கா ஒரு வகுப்பைப் பற்றிச் சொன்னார். சேர்ப்பதா வேண்டாமா என்று இன்றைக்குள் பேசி முடிவு செய்யலாமா?

முருகேசன் மாமா: நாற்பத்தாறு வயதில் எதற்கு வண்டி? பெண்களுக்குப் பேருந்தில் கட்டணமே கிடையாது. விழுந்து கையை முறித்துக்கொண்டால் யார் பார்ப்பது?

செல்வி சித்தி: அண்ணா, கட்டணம் இல்லாத நகரப் பேருந்து, ஊருக்குச் சாலை பிரியும் விலக்கு வரைதான் போகிறது. அங்கிருந்து மையத்துக்கு நான்கு கிலோமீட்டர் வெயிலில் நடக்க வேண்டும்.

ரவி பெரியப்பா: கற்றுக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. தலைத்திவசம் முடியட்டும் என்றுதான் சொல்கிறேன். மூன்று மாதத்துக்குள் மைதானத்தில் வண்டி ஓட்டிப் பழகினால் பார்க்கிறவர்கள் பலவிதமாகப் பேசுவார்கள்.

கோமதி அத்தை: ரவி, போனவன் எனக்கும் தம்பிதான். அவன் இருந்திருந்தால் செல்வி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும் என்று ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டான். பார்க்கிறவர்கள் பேசிவிட்டுத் தங்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். இவள் தன் வேலைக்கு எப்படிப் போவாள் என்பதை மட்டும் பேசுவோம்.

ரவி பெரியப்பா: சரி அக்கா. ஆனால் அதற்குக் காசு கொடுத்து வகுப்பு எதற்கு? ஞாயிற்றுக்கிழமைகளில் கார்த்தி வந்து சொல்லிக்கொடுக்கட்டுமே.

பிரியா: பெரியப்பா, வீட்டுக்குள் கற்றுக்கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. 2018இல் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தபோது, வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அரசு மானியம் கொடுத்தது. வயது வரம்பு நாற்பது. அம்மாவுக்கு அப்போது முப்பத்தொன்பது. ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்பதற்காக அப்பா நான்கு நாள் மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஐந்தாம் நாள் அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

செல்வி சித்தி: அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு "பிரேக், பிரேக்" என்று சத்தம் போடுவார். அந்தச் சத்தத்தில் எனக்குக் கை பதறிவிடும். பிரேக்கைப் பிடிக்கிற அதே கை ஆக்சிலேட்டரையும் சேர்த்து முறுக்கிவிடும். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் கணவரிடம் "எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்க எனக்கு வரவில்லை.

உமா: சித்தி சொல்வதுதான் அங்கே வருகிற எல்லாப் பெண்களும் சொல்வது. நான் அந்த வகுப்பில் பயின்றுதான் உரிமம் வாங்கினேன், எனவே விவரமாக எழுதுகிறேன். ஒரு அணிக்கு நான்கு பேர், ஒரே ஆசிரியை. சைக்கிள் தெரியாதவர்களை முதலில் சைக்கிளில்தான் ஏற்றுவார். இருக்கையை இறக்கி, இரண்டு பாதமும் தரையில் படும்படி வைத்து, பெடலை மிதிக்காமல் காலால் உந்தி உந்தி உருளவிடுவார். உடம்பு சமநிலையைப் பிடித்த பிறகுதான் ஸ்கூட்டி. அதிலும் முதல் நாள் எஞ்சினை இயக்கவே மாட்டார். வண்டியைத் தள்ளுவதும், நடு ஸ்டாண்டில் ஏற்றி இறக்குவதும், சாயும்போது எந்தக் காலை ஊன்றுவது என்பதும்தான் அன்றைய பாடம். பின்னால் உட்காரவே மாட்டார். கூடவே ஓடி வருவார், தாழ்ந்த குரலில் பேசுவார்.

உமா: பிரேக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலேட்டர் வலது கையில் இருப்பதால், தொடக்கத்தில் இடது கைப் பிரேக்கை மட்டும் பிடிக்கப் பழக்குகிறார். 2019க்குப் பிறகு வந்த சிறிய வண்டிகளில் இடது பிரேக்கைப் பிடித்தாலே இரண்டு சக்கரமும் சேர்ந்து கட்டுப்படும். வலது கையைத் தளர்த்துவதும் இடது கையை இறுக்குவதும் ஒன்றாக நடக்கும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். சித்திக்கு வந்த பதற்றம் அப்படித்தான் நீங்கும்.

முருகேசன் மாமா: நான்கு பேருக்கு ஒரே ஆசிரியை என்றால், ஒருவர் ஓட்டும்போது மற்ற மூவரும் சும்மா நிற்க வேண்டியதுதானே? காசு வீண்.

உமா: சும்மா நிற்பதில்லை மாமா. ஒருவர் ஓட்டும்போது ஆசிரியை சொல்லும் திருத்தம் நால்வர் காதிலும் விழுகிறது. திரும்பும்போது முன்சக்கரத்தைப் பார்த்தால் வண்டி தடுமாறுகிறது, போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி தானாக அங்கே போகிறது என்பதை நான் என் முறை வருவதற்கு முன்பே இன்னொருவரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கையும் களைத்துப் போவதில்லை.

கோமதி அத்தை: உமா சொன்னதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இந்த மாவட்டத்துக்கு அது புதிதும் இல்லை. 1991இல் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது நான் தொண்டராகப் போனேன். பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்பதுதான் கணக்கு. அதற்கு மேல் போனால் யார் எந்த எழுத்தில் நிற்கிறார் என்று தெரியாது. கற்க வந்தவர்கள் கல்லுடைக்கிறவர்கள், களையெடுக்கிறவர்கள். பகலெல்லாம் வேலை செய்துவிட்டு இரவில் விளக்கைச் சுற்றி உட்காருவார்கள். பிள்ளைகளை அதட்டுவதுபோல அவர்களை அதட்டினால் மறுநாள் வரமாட்டார்கள். வளர்ந்தவர்களுக்கு எழுத்து வராதது பெரிதல்ல, பிறர் முன்னால் வெட்கப்பட நேர்வதுதான் பெரிது என்பதை நான் அங்கே கண்டேன்.

ரவி பெரியப்பா: அக்கா, வகுப்புக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோமதி அத்தை: அதற்குத்தான் வருகிறேன், பொறு. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் ஓட்டுவதையும் அறிவொளியின் ஒரு பகுதியாக ஆக்கினார். கிராமம் கிராமமாகப் பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சி நடந்தது. நேற்றுக் கற்றவள் இன்று இன்னொருத்திக்குப் பிடித்துக்கொண்டு ஓடினாள். 1992 மகளிர் நாளை ஒட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கியவர்கள் பலர். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதற்காக அதையே விரும்பிக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. சேலை கட்டிக்கொண்டுதான் ஓட்டினார்கள். அறிவொளிப் பெண்களுக்கென்று யூனிசெஃப் ஐம்பது மொபெட் கூடக் கொடுத்தது. அந்தப் பெண்களைப் பற்றியும் ஊர் பேசத்தான் செய்தது. அதே ஊர்தான் பிறகு தண்ணீர்க் குடத்தையும் சந்தை மூட்டையையும் கொண்டுவர அவர்களின் சைக்கிளை நம்பியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் முடிந்தது, அதே மாவட்டத்தில் செல்விக்கு ஏன் முடியாது?

கார்த்தி: அத்தை, நான் இதை அறிந்திருக்கவில்லை.

உமா: கட்டணம் பத்து நாளுக்கு 4,000 ரூபாய். பெட்ரோல் அதில் அடங்கும். வண்டியும் ஆசிரியையினுடையதே, எடை குறைவாக இருப்பதால் சாய்ந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். பயிற்சி நாட்களில் சுடிதார் அணிந்து வரச் சொல்கிறார். கடைசி இரண்டு நாள், வேலைக்கு எதை உடுத்திப் போவீர்களோ அதை உடுத்தி ஓட்ட வைப்பார். முந்தானையைச் செருகிக்கொண்ட பிறகுதான் வண்டியைத் தொட விடுவார்.

முருகேசன் மாமா: உரிமமே தேவைப்படாத மின்சார வண்டி விற்கிறார்களே, அதை வாங்கிக்கொடுத்தால் இந்த அலைச்சல் எல்லாம் இல்லையே.

கார்த்தி: மாமா, 250 வாட்டுக்கு மிகாத, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிக்குத்தான் அந்தச் சலுகை உண்டு. ஊர் விலக்கு வரை உள்ள சாலையில் லாரிகள் ஓடுகின்றன. அந்த வேகத்தில் போவது பாதுகாப்பில்லை. உரிமம் வேண்டாம் என்பதால் ஓட்டத் தெரிய வேண்டாம் என்றும் ஆகிவிடாது.

செல்வி சித்தி: எனக்கு உரிமம் என் பெயரில் வேண்டும். அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கார்த்தி: அப்படியானால் எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) இந்த வாரமே எடுக்க வேண்டும், சித்தி. எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். ஆறு மாதம் வரை அது செல்லும். நாற்பது வயதைக் கடந்துவிட்டதால் மருத்துவச் சான்றிதழும் தேவைப்படும். கியர் இல்லாத வண்டி என்று விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். தேர்வில் எட்டுப் போடச் சொல்வார்கள். இணையத்தில் நானே பதிந்து தருகிறேன்.

வசந்தி அத்தை: உமா, அந்த அணியில் நான்காவது இடம் காலியாக இருந்தால் என் பெயரையும் எழுதிக்கொள். செல்விக்கும் துணையாக இருக்கும்.

முருகேசன் மாமா: வசந்தி, இதைப் பற்றி வீட்டில் பேசுவோம்.

வசந்தி அத்தை: வீட்டில் இருபது வருடமாகப் பேசியாகிவிட்டது. அதனால்தான் குழுவில் எழுதுகிறேன்.

கோமதி அத்தை: வசந்தியின் கட்டணத்தை நான் தருகிறேன். முருகேசன் தம்பி இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

முருகேசன் மாமா: கட்டணம் கொடுக்க எனக்குத் தெரியும், அண்ணி. கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம், ஆனால் இதையும் கேட்டுவிடுகிறேன். கற்று முடித்த பிறகு என் தங்கை எந்த வண்டியை ஓட்டுவாள்? மறைந்த மாப்பிள்ளையின் ஸ்கூட்டர் பிப்ரவரியிலிருந்து ரவி மச்சான் வீட்டில்தான் நிற்கிறது.

ரவி பெரியப்பா: நிற்கவில்லை, ஓடுகிறது. கார்த்தி வேலைக்குப் போவது அதில்தான். இரண்டு டயரும் மாற்றி, காப்பீடும் நான்தான் புதுப்பித்தேன். வண்டியை யாரும் அபகரித்துக்கொண்டதுபோல எழுத வேண்டாம், மாப்பிள்ளை.

முருகேசன் மாமா: நான் அப்படி எழுதவில்லையே.

கார்த்தி: அப்பா, சித்தியின் வண்டிதான் அது, அதில் பேச்சே இல்லை. சித்தப்பா பெயரில் இருப்பதைச் சித்தி பெயருக்கு மாற்ற, இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து, படிவம் 31இல் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. நான் வேறு வண்டிக்குக் கடன் கேட்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை. பெயர் மாற்றும் வேலையைத் திங்கட்கிழமை தொடங்கிவிடலாம். வண்டியை எப்போது கொண்டுவந்து விடுவது என்பதை மட்டும் அப்பாவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்.

செல்வி சித்தி: வண்டிக்கு அவசரமில்லை, கார்த்தி. நான் ஓட்டப் பழகவே இன்னும் நாளாகும். ஆனால் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டாம். வாரிசுச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. டயருக்கும் காப்பீட்டுக்கும் அத்தான் செலவு செய்ததை நான் கொடுத்துவிடுகிறேன்.

ரவி பெரியப்பா: பணம் பற்றி யார் கேட்டார்கள்? வேண்டாம்.

பிரியா: அப்படியானால் அம்மா வகுப்பில் சேருவது முடிவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். தேர்வு எப்படியும் ஜூன் நடுவில்தான் வரும். பள்ளி அதற்கு முன்பே திறந்துவிடும். அந்த இடைப்பட்ட நாட்களில் அம்மாவை யார் கொண்டுபோய் விடுவது?

முருகேசன் மாமா: முதல் வாரம் நான் வருகிறேன். எட்டு மணிக்குத் தயாராக இருக்கச் சொல்.

கோமதி அத்தை: இரண்டாம் வாரம் ரவி போவான்.

பிரியா: பெரியப்பா?

ரவி பெரியப்பா: எனக்கு அந்த வாரம் காரைக்குடியில் ஒரு வேலை இருக்கிறது. பார்த்துச் சொல்கிறேன்.

உமா: காலை ஆறு மணி அணியா, மாலை ஐந்து மணி அணியா என்று ஆசிரியை இன்றிரவுக்குள் கேட்கிறார். இரண்டிலும் இடம் இருக்கிறது. வெயில் இந்த மாதம் கடுமையாக இருப்பதால் காலை நல்லது என்பது என் எண்ணம்.

செல்வி சித்தி: காலை ஆறு மணி என்று சொல்லிவிடு, உமா.

வசந்தி அத்தை: எனக்கு மாலைதான் ஒத்துவரும். ஆனால் செல்வி காலை என்றால் நானும் காலைக்கே வரப் பார்க்கிறேன். ஆறு மணிக்குள் சமையலை யார் பார்ப்பது என்று இங்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உமா: சரி அத்தை, உங்கள் இடத்தை நாளை காலை வரை பிடித்துவைக்கச் சொல்கிறேன். இருவரும் பின்வார் வைத்த செருப்போ ஷூவோ அணிந்து வாருங்கள். வார் இல்லாத செருப்புக்கு அனுமதியில்லை. ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, உங்கள் தலைக்குச் சரியான அளவில் இருக்க வேண்டும். கார்த்தியின் ஹெல்மெட் சித்திக்குப் பெரிதாக இருக்கும், அதைக் கொண்டுவர வேண்டாம்.