முகாமுக்குச் சின்ன அடுப்பு, எது வாங்கலாம்?

அடுத்த மாதம் நானும் தங்கையும் மூன்று நாள் மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். பையில் அடங்குகிற அடுப்பு ஒன்று வேண்டும், திருகினோமா பற்ற வைத்தோமா என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்பிரிட் அடுப்பு மட்டும் சொல்லாதீர்கள். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது, போன தடவை அணைந்துவிட்டது என்று நினைத்துக் கையை வைத்து விரலைச் சுட்டுக்கொண்டேன்.

அதனால் கேஸ் அடுப்புதான். கேனில் அடைத்து வரும் வாயுக்களில் வெறும் பியூட்டேன் சுமார் 0 டிகிரியிலேயே ஆவியாக மறுக்கும், ஐசோபியூட்டேன் -12 வரை தாங்கும், புரோப்பேன் கலந்தால் இன்னும் நல்லது என்று படித்தேன். அங்கே இரவில் 5 டிகிரிக்குப் போகுமாம், அந்தக் குளிருக்குச் சாதாரண பியூட்டேன் கேன் ஒழுங்காக எரியுமா?

அப்புறம் கேன் மேலேயே திருகுகிற வகையா, குழாய் வைத்துத் தரையில் தனியாக நிற்பதா? முதலாவது எடை குறைவு, ஆனால் பாத்திரம் வைத்தால் ஆடுமோ என்று பயமாக இருக்கிறது. காற்றுக்கு மறைப்பு வைக்கலாம் என்றால், கேனையும் சேர்த்துச் சுற்றி மூடினால் அது சூடாகி வெடிக்கலாமே! குழாய் வகையில் அந்தத் தொல்லை குறைவுதானே? பொத்தானை அழுத்தினால் பற்றுகிற வசதி ஈரத்தில் வேலை செய்கிறதா, இல்லை தீப்பெட்டியும் தூக்க வேண்டுமா? பயன்படுத்தியவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.