சூடு இல்லாத கிரீன்ஹவுஸ், இறங்கிக்கொண்டு வரும் குளிர்: கறிவேப்பிலையைக் காப்பாற்ற வழி சொல்லுங்கோ

ஸ்காபரோ வளவு

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். இந்த வருசம் சித்திரைக் கடைசியில் பின்வளவில் ஒரு கிரீன்ஹவுஸ் (பசுமைக்குடில்) போட்டோம். ஆறடிக்கு எட்டடி, அலுமினியச் சட்டம், 4 மில்லிமீற்றர் இரட்டைச்சுவர் பொலிகாபனேற் பிளாஸ்ரிக் தகடு. ஹீற்றர் இல்லை, கரண்ட் வயரும் அங்கே வரை இழுக்கவில்லை. கோடை முழுக்க நல்லாகத்தான் போனது, ஆவணி மாதம் கடையில் மிளகாய் வாங்கவே இல்லை.

இப்போது செப்டெம்பர் கடைசி. உள்ளே ஆறு தக்காளி, எட்டு மிளகாய், இரண்டு கத்தரி, சாடியில் ஒரு முருங்கை, பெரிய சாடியில் கறிவேப்பிலை. கறிவேப்பிலைக்கு ஏழு வயது. அம்மா இருந்த காலத்தில் விரல் நீளக் கன்றாக வாங்கி வந்து, ஒவ்வொரு மாரியும் வீட்டுக்குள் ஜன்னலோரம் வைத்து வளர்த்தது. இந்த வருசம்தான் கிரீன்ஹவுஸ் இருக்கிறதே, அங்கேயே நிற்கட்டும் என்று நினைத்தோம். விற்ற கடையிலும் குளிர்காலம் முழுக்கச் செடி வைக்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

போன கிழமை ஒரு இரவு வெளியே 6 பாகை, விடிய உள்ளே போய்ப் பார்த்தால் 7. ஒரேயொரு பாகைதான் வித்தியாசம்! அதே நாள் மத்தியானம் வெயில் பட்டு உள்ளே 30ஐத் தாண்டிவிட்டது. கறிவேப்பிலையில் கீழ் இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே கொட்டுகின்றன. தக்காளியில் நான் கிளை வெட்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ பிடித்திருக்கிறது, விரலால் தட்டினால் தூளாகப் பறக்கிறது.

இவர் மண்ணெண்ணெய் ஹீற்றர் ஒன்று வாங்கி வைப்போம் என்கிறார். வைக்கலாமோ? கறிவேப்பிலை எனக்கு வெறும் செடி இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மார்க்கம் பாட்டி

பிள்ளை, மற்றதெல்லாம் பிறகு. கறிவேப்பிலையை இன்றைக்கே வீட்டுக்குள் எடு. இரவு 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கினால் அதற்கு அங்கே வேலை இல்லை, அது வெயில் ஊர்ச் செடி. குளிர்ந்த மண்ணும் ஈரமும் சேர்ந்தால் வேர்தான் முதலில் போகும், இலை மஞ்சளாகிறது அதன் அறிகுறியாக இருக்கலாம், அதனால் இப்போது தண்ணீர் ஊற்றாதே.

நான் ஒரு முறை, அக்டோபரில் வரும் தாங்ஸ்கிவிங் விடுமுறை முடிய எடுப்போம் என்று விட்டுவிட்டேன். அந்தச் சனிக்கிழமை இரவு வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்றும் இல்லை. அப்படியான இரவில்தான் உறைபனி விழும், அது எனக்கு அப்போது தெரியாது. காலையில் இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துத் தொங்கியது. பங்குனி வரை வைத்துப் பார்த்தேன், அடியிலிருந்துகூடத் துளிர்க்கவில்லை. பதினோரு வயதுச் செடி.

உள்ளே எடுக்க முதல் சாடியைச் சரித்துப் பிடித்து, இலையின் அடிப்பக்கம் எல்லாம் குழாய்த் தண்ணீரால் நன்றாகக் கழுவு. தண்டோடு ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன மண்ணிறச் செதில் மாதிரி இருந்தால் அது பூச்சி, பழைய பல் தூரிகையால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடு. வெளியே நாலு இருந்தால் வீட்டுச் சூட்டில் தை மாதத்துக்குள் நானூறாகும். பிறகு தெற்குப் பார்த்த ஜன்னல், ஹீற்றிங் காற்று நேரே படாத இடம். பாதி இலை கொட்டும், பயப்படாதே, தடி பச்சையாக இருக்கிறதா என்று நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பார், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இரண்டு விரற்கணு ஆழத்துக்கு மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். பங்குனி வரை பசளை வேண்டவே வேண்டாம்.

முருங்கையை முழங்கால் உயரத்துக்கு வெட்டி பேஸ்மெண்டில் வை. இலை இல்லாமல் தூங்கும், மாதத்துக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் போதும்.

வாட்டர்லூ கோவைக்காரன்

பாட்டி சொன்னதை அப்படியே செய்யுங்க அக்கா. நான் ஹீட்டர் விஷயத்துக்கு மட்டும் வர்றேன்.

மண்ணெண்ணெய் ஹீட்டர் வேண்டாம். முதல் காரணம், அவ்வளவு சின்ன, மூடின இடத்தில் எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு சேரும். வாசனை கிடையாது, காலையில் கதவைத் திறந்து உள்ளே போகிற ஆளுக்குத்தான் ஆபத்து. இரண்டாவது, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளேயே வரும். உங்க தக்காளியில் ஏற்கெனவே பூஞ்சணம் பிடித்திருக்கு, அதற்கு நீங்களே ஈரத்தைக் காசு கொடுத்து வாங்கி வைக்கிற மாதிரி ஆகிவிடும்.

ஒரு டிகிரிதான் வித்தியாசம் என்று வருத்தப்படுறீங்க. அது உங்க குடிலின் குறை இல்லை. உங்க அளவுக் குடிலில் சுவரும் கூரையும் சேர்த்துச் சுமார் 20 சதுர மீட்டர் வரும். 4 மில்லிமீட்டர் இரட்டைச்சுவர்த் தகட்டில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 80 வாட் போல வெளியே போய்க்கொண்டே இருக்கும், சந்து இடுக்கு வழியாகப் போவது தனி. வெயில் போனதும் உள்ளே சூடு தருவதற்கு எதுவும் இல்லை என்றால் வெளியே இருக்கிற குளிர்தான் உள்ளேயும்.

நிறைய பேர் கறுப்பு டிரம்மில் தண்ணீர் வைக்கச் சொல்வாங்க. நானும் வைத்திருக்கிறேன், பலன் உண்டு, ஆனால் எவ்வளவு என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்க. 200 லிட்டர் தண்ணீர் பகலில் 15 டிகிரிக்கு ஏறி ராத்திரி 5க்கு இறங்கினால் அது விடுகிற சூடு 2.3 யூனிட் கரண்டுக்குச் சமம். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் 190 வாட் போல வரும், அதாவது உங்க குடிலில் ஒன்றரை, இரண்டு டிகிரி கூடும், அவ்வளவுதான். அக்டோபரில் அந்த இரண்டு டிகிரி ஒரு ராத்திரி உறைபனியிலிருந்து மிளகாயைக் காப்பாற்றும். ஜனவரியில் வெளியே மைனஸ் 20 என்றால் அந்த டிரம்மே உறைந்து நிற்கும். வைப்பதானால் வடக்குச் சுவரோரம் வையுங்க, தெற்கு வெயில் நேராக அதன் மேல் விழணும், செடிக்கும் நிழல் அடிக்காது.

முதலில் ஒரு குறைந்தபட்ச அதிகபட்ச வெப்பமானி வாங்குங்க. நீங்க விடிந்து போய்ப் பார்க்கிற 7 டிகிரி, அதிகாலை நாலு மணிக்கு எவ்வளவாக இருந்தது என்று இப்போது தெரியாது.

ஓஷாவா மிளகாய்

அந்தச் சாம்பல் பஞ்சைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். அது போட்றைற்றிஸ் என்கிற பூஞ்சணம். தட்டினால் பறக்கிற தூள்தான் அதன் வித்து. வெட்டுக்காயம், உதிர்ந்த பூ, மண்ணில் விழுந்த இலை, இப்படி செத்த பாகத்தில் முதலில் பிடித்து அங்கிருந்து நல்ல தண்டுக்குள் போகும். குளிர் வரும் காலத்தில் ஹீற்றர் இல்லாத குடிலில் செடி சாவது பெரும்பாலும் குளிரால் இல்லை, இதனால்தான் என்று எனக்குப் பட்டறிவு.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கஞ்சா வளர்க்கிறவர். 2018 அக்டோபர் 17க்குப் பிறகு ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நாலு செடி சட்டப்படி வைக்கலாம், அவரும் உங்கள் அளவுக் குடிலில் நாலு வைத்திருந்தார். பூ முற்றுவதே செப்டெம்பர் கடைசி, அக்டோபர் என்பதால் சரியாக இந்தக் காலத்தில்தான் மாட்டிக்கொண்டார். இரவு குளிர்கிறதே என்று ஜன்னல், கதவு எல்லாம் ஒரு கிழமை இறுக்கிப் பூட்டி வைத்தார். வெளியே பார்க்கச் செடி வடிவாக நின்றது, ஒரு பூவில் மட்டும் ஒரேயொரு குட்டி இலை காய்ந்திருந்தது. அந்த இலையைப் பிடித்து இழுத்தார், ஒரு எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்தது. பூவைப் பிரித்துக் காட்டினார், உள்ளே நடுத்தண்டு முழுக்க மண்ணிறத்தில் குழைந்து, சாம்பல் ரோமம். நாலு செடியில் மூன்றை வெட்டிக் குப்பைக்குத்தான் போட்டார். மனுசன் நாலு மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்தது.

காரணம் லேசானது. பகலில் 25 பாகைக் காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், இரவு 7 பாகைக்கு இறங்கினால் அந்த ஈரம் எங்கே போவது? தகட்டிலும் இலையிலும் பூவிலும் தண்ணீராகப் படியும். காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், கூரைத் தகட்டின் உட்பக்கம் துளித்துளியாகத் தொங்கி, கதவைத் திறந்த அதிர்ச்சிக்கே செடி மேல் சொட்டும்.

நான் செய்வது இதுதான். வெயில் ஏறியதும், குளிராக இருந்தாலும், கதவையும் கூரை ஜன்னலையும் திறந்துவிடுவேன், அந்த ஈரக் காற்று வெளியே போகட்டும். பின்னேரம் மூன்று, மூன்றரைக்கு, சூடு கொஞ்சம் இருக்கும்போதே மூடுவேன். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் அடியில், இலையில் ஒரு சொட்டுப் படாமல். தக்காளியின் கீழ் இலைகளை எல்லாம் எடுத்துவிட்டேன், காற்று தரையோடு ஓட வேண்டும். உங்கள் செடியில் பஞ்சு பிடித்த பாகத்தை ஈரமான பேப்பரால் மூடி, தூள் பறக்காமல் வெட்டி, பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். உரக்குழிக்குப் போட வேண்டாம். வெட்டுவது வெயில் நாள் காலையாக இருந்தால் காயம் மாலைக்குள் காய்ந்துவிடும்.

ஸ்காபரோ வளவு

எல்லோருக்கும் நன்றி. பாட்டி, நீங்கள் எழுதியதை வாசித்த அரை மணி நேரத்தில் கறிவேப்பிலையை இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே கொண்டு வந்துவிட்டோம். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், பச்சையாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. செதில் பூச்சி ஐந்தாறு இருந்தது, தேய்த்து எடுத்தாச்சு. ஹீற்றர் யோசனையை இவரும் விட்டுவிட்டார்.

இன்னும் இரண்டு கேள்வி. தக்காளியில் நாற்பது ஐம்பது காய் பச்சையாக நிற்கிறது, என்ன செய்ய? அப்புறம், மாரிக்குக் கிரீன்ஹவுஸை அப்படியே வெறுமையாக விட வேண்டியதுதானோ?

மார்க்கம் பாட்டி

தக்காளியின் நுனியை இப்போதே கிள்ளு, இனி வரும் பூ காயாகிப் பழுக்க நாள் இல்லை. இரவு 10 பாகைக்குக் கீழே தொடர்ந்து போனால் செடியில் பழுக்காது, பழுத்தாலும் ருசி இராது. பச்சை வெளிறி அடியில் இலேசாக மஞ்சளோ சிவப்போ தட்டியதும் பறித்து, வீட்டுக்குள் தட்டில் பரப்பி வை. வெயில் தேவையில்லை, சமையலறைச் சூடு போதும், பக்கத்தில் ஒரு வாழைப்பழம் வை. பிரிட்ஜில் வைக்காதே. நிறமே தட்டாத காய் உறைபனிக்கு முதல் நாள் எல்லாம் பறித்துவிடு, அதில் பச்சைத் தக்காளிச் சட்னி அருமையாக வரும், கொஞ்சம் வெந்தயமும் செத்தல் மிளகாயும் போட்டு.

மிளகாயில் நல்ல இரண்டைத் தெரிந்தெடு. காயெல்லாம் பறித்து, ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, மண்ணைக் கழுவிப் புது மண்ணில் வைத்து, வீட்டில் வெளிச்சமுள்ள குளிரான மூலையில் விட்டால் அடுத்த வருசம் ஆனியிலேயே காய்க்கும். மற்றதையும் கத்தரியையும் விட்டுவிடு, எல்லாவற்றையும் காப்பாற்ற வீட்டில் இடம் இல்லை.

வாட்டர்லூ கோவைக்காரன்

வெறுமையா ஏன் விடணும்? தக்காளி எடுத்த இடத்தில் இந்த வாரமே கொத்தமல்லி, வெந்தயக்கீரை, ஸ்பினாச், கேல் விதைத்துவிடுங்க. கொத்தமல்லி நம்ம ஊர் வெயிலில் பூத்து ஓடிவிடும், இங்கே இந்தக் குளிரில்தான் இலை தழைத்து நிற்கும், லேசான உறைபனியைக்கூடத் தாங்கும். மேலே மெல்லிய வெள்ளைத் துணி இருக்கே, தோட்டக் கடையில் மீட்டர் கணக்கில் விற்பது, அதைக் கம்பி வளைத்துச் செடி மேல் கூடாரம் மாதிரி போட்டால் இன்னும் இரண்டு டிகிரி கிடைக்கும்.

ஒன்று மட்டும். நவம்பர் முதல் வாரம் தாண்டினால் டொராண்டோவில் பகல் 10 மணி நேரத்துக்குக் கீழே போய்விடும், பிப்ரவரி ஆரம்பம் வரை அப்படித்தான். அந்த மூன்று மாதம் செடி ஏறக்குறைய வளரவே வளராது, இருந்த உயரத்தில் அப்படியே நிற்கும். அதனால் நவம்பருக்குள் பறிக்கிற அளவுக்கு வளர்ந்திருக்கணும். அது நேரத்துக்கு எதிரான ஓட்டம், இன்றைக்கு விதைத்தால் முடியும், இரண்டு வாரம் தள்ளினால் முடியாது.

ஸ்காபரோ வளவு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வெப்பமானி வாங்கி வைத்தோம், நேற்று இரவு உள்ளே குறைந்தது 3 பாகை, வெளியே 1. டிரம் ஒன்றுதான் வைத்தோம். காலையில் கதவைத் திறந்து வைப்பதால் தகட்டில் தொங்கும் தண்ணீர் பத்து மணிக்குள் காய்ந்துவிடுகிறது, புதிதாகப் பஞ்சு எங்கும் பிடிக்கவில்லை. கொத்தமல்லி முளைத்து வரிசையாகத் தெரிகிறது, வெந்தயம் அதற்கு முதலே வந்துவிட்டது. கறிவேப்பிலை பாட்டி சொன்னது போலவே பாதி இலையைக் கொட்டிவிட்டது. இன்று காலை நுனியில் இரண்டு இடத்தில், குண்டூசித் தலை அளவில், இளஞ்சிவப்பாகத் துளிர் பார்த்தேன்.