வேதாரண்யம் பக்கம் காரை எங்கே சார்ஜ் செய்வது? வீட்டு பிளக்கில் எர்த் கோளாறு காட்டுகிறது

கேட்டவர் (திருச்சி):
வணக்கம். வேதாரண்யத்தை ஒட்டிய கிராமத்தில் அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள். மாதம் இரண்டு முறை போய்வருகிறேன். என்னுடையது 30.2 கிலோவாட்மணி பேட்டரி உள்ள பழைய டாடா நெக்ஸான் மின்சாரக் கார். ஏசி போட்டு ஓட்டினால் சுமார் 200 கிலோமீட்டர் வரும். தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் போய்ச் சேரும்போது 20 சதவீதம்தான் மிச்சமிருக்கும். போன வாரம் செயலி காட்டிய ஒரு சார்ஜிங் நிலையத்தை நம்பிப் போனேன், பூட்டிக் கிடந்தது. வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் காரோடு வந்த சார்ஜரைச் செருகினால் எர்த் கோளாறு என்று சிவப்பு விளக்கு எரிகிறது. அதே பிளக்கில் தண்ணீர் மோட்டார் நன்றாக ஓடுகிறது! நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பும் கம்பி) எர்த்தையும் (கசிவை மண்ணுக்குள் இறக்கும் கம்பி) பிளக்குக்குள்ளேயே இணைத்துவிட்டால் போதும் என்கிறார் ஊர் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

ஒயரிங் வேலை செய்பவர் (நாகை):
வேண்டவே வேண்டாம், தம்பி. உங்கள் பக்கம் காற்றடித்தால் கம்பி அறுவது புதிதல்ல. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், அந்த இணைப்பு வழியாக மின்சாரம் காரின் உடம்புக்கே வந்துவிடும். விடிகாலையில் வாசல் தெளிக்க வரும் அம்மா ஈரக்கையோடு காரைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மோட்டார் ஓட பேஸும் (மின்சாரம் வரும் கம்பி) நியூட்ரலும் போதும்; எர்த் இருக்கிறதா என்று அது பார்க்காது. கார் சார்ஜர் பார்த்த பிறகுதான் மின்சாரத்தை உள்ளே விடும். மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள வோல்ட், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. உப்பு மண் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும், ஆனால் இரும்புக் குழாயை அரித்துத் தின்றுவிடும். பழைய எர்த் குழாயைத் தோண்டினால் பாதிதான் மிஞ்சியிருக்கும் என்பது என் ஊகம். புதுக் குழி எடுத்துச் செம்புக் கம்பி இறக்குங்கள். மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், பளு மிஞ்சினால் தானாக அணையும் 20 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு வந்தால் அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எக்ஸ்டென்ஷன் பெட்டி பக்கமே போகாதீர்கள், ஏழெட்டு மணி நேரச் சூட்டில் உருகிவிடும்.

மின்சாரக் கார் ஓட்டுபவர் (மன்னார்குடி):
வெளியில் சார்ஜ் செய்வது பற்றி நான் சொல்கிறேன். வரைபடத்தில் தெரியும் புள்ளிகளில் பல ஸ்கூட்டருக்கானவை. உங்கள் காரின் வேக சார்ஜிங் பிளக் வகையான சிசிஎஸ்2 என்று வடிகட்டிப் பாருங்கள். கடைசியாக யார், என்றைக்கு அங்கே சார்ஜ் செய்தார்கள் என்பதைப் பார்த்து, போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சிறிய ஊர் நிலையத்தை நம்பி 20 சதவீதத்தோடு போகாதீர்கள். தஞ்சாவூரிலேயே வேக சார்ஜரில் 80 வரை ஏற்றிக்கொண்டால் வீடு சேரும்போது 30 சதவீதம் போல இருக்கக்கூடும். 80-க்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் குறைந்துவிடும், காத்திருப்பது வீண்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வீட்டு இணைப்பில் கார் சார்ஜ் செய்ய மின்வாரியம் ஆட்சேபிக்குமா?

ஒயரிங் வேலை செய்பவர்:
சொந்தக் காருக்கு வீட்டு இணைப்பே போதும், மத்திய மின் அமைச்சகத்தின் விதிமுறையே அனுமதிக்கிறது. இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு 3 கிலோவாட் கூடுதலைத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறும். உங்கள் காருக்கு ஒரு முறைக்கு 23 யூனிட் போல ஆகும்.

கேட்டவர் (பத்து நாள் கழித்து):
தோண்டிப் பார்த்தோம். குழாய் ஒரு முழத்துக்குக் கீழே இல்லவே இல்லை! செம்புக் கம்பி இறக்கி, தனி ஒயர் இழுத்தாயிற்று. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 34 வோல்ட் இருந்தது, இப்போது 1.8. இரவு 9 மணிக்குச் செருகினேன். காலை 5 மணிக்கு 21 சதவீதம் 91 ஆகியிருந்தது. வெயில் காலத்தில் குழி காயக்கூடாது என்று அப்பா தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார்.