விதையைப் பீச்சும் வெள்ளரிக்கு என்ன பெயர்?

மயிலாப்பூர், மொழிபெயர்ப்பாளர்:

மூலிகை நச்சுக் கையேடு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. எக்பாலியம் எலாட்டேரியம் என்ற செடியில் சிக்கி நிற்கிறேன். மத்தியதரைக் கடலோரம் தரையோடு படர்வது. கட்டைவிரல் பருமனில் சுணை மூடிய காய். பழுத்தால் காம்பு கழன்று, அந்தத் துளை வழியே விதையும் சாறும் பல மீட்டர் பாயும். பண்டைக் கிரேக்க மருத்துவர் டயோஸ்கோரிடீஸ் காலத்திலிருந்தே அது கடும் பேதி மருந்து. துருக்கியில் சைனஸுக்கு அந்தச் சாற்றை மூக்கில் விட்டு, உள்நாக்கு வீங்கி மூச்சுத் திணறியவர்கள் உண்டு. ‘வெள்ளரி’ என்று எழுதினால் யாராவது கடித்துவிடுவார்களோ?

தாம்பரம், சித்த மருத்துவர்:

பேய்வெள்ளரி என்று போடுங்கள் அம்மா. பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு வரிசை. கசந்த சுரைக்காய்ச் சாற்றை ஒரு தம்ளர் குடித்த பெரியவர், வாந்தியோடு என் வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். “மருந்து என்றால் கசக்கத்தானே செய்யும்” என்றார். அதிலும் இதிலும் நஞ்சு ஒன்றுதான், குக்குர்பிட்டசின். பெயரே அவரைத் தடுக்க வேண்டும்.

மேற்கு மாம்பலம், தமிழாசிரியர்:

ஐயா, பேய்க்கும்மட்டி வேறு செடி, அதோடு குழம்பும். எக்பாலியம் என்பதன் கிரேக்க வேர் வெளியே எறிதல். தெறிவெள்ளரி, அழகான வினைத்தொகை.

திருவான்மியூர், தாவரவியல் ஆசிரியை:

தெறிப்பது விதை, வெள்ளரி அதைப் பீச்சுகிறது. ஆகவே பீச்சுவெள்ளரி. எலாட்டேரியம் என்றால் வெளியே துரத்துவது, அதாவது பேதி மருந்து. நம் ‘பீச்சு’தலிலும் இரண்டும் அடக்கம்: பீச்சாங்குழல் நீரும், வயிறு கழிவதும். இப்படி ஒரு பொருத்தம் தேடினாலும் கிடைக்காது.

மேற்கு மாம்பலம், தமிழாசிரியர்:

வில்லின் நாணைத் தெறிப்பதில்லையா? தெறித்தல் செயப்படுபொருளையும் ஏற்கும். பீச்சுவெள்ளரி என்று வகுப்பில் சொன்னால் பாடம் அன்றோடு முடிந்தது.

திருவான்மியூர், தாவரவியல் ஆசிரியை:

சிரித்தால் மறக்க மாட்டார்கள் ஐயா.

தாம்பரம், சித்த மருத்துவர்:

இலக்கணம் இரண்டு பேர் பக்கமும் இருக்கட்டும். திண்ணையில் உட்கார்ந்த பெரியவருக்கு ‘தெறி’யும் எச்சரிக்கை இல்லை, ‘பீச்சு’ம் எச்சரிக்கை இல்லை.

மயிலாப்பூர், மொழிபெயர்ப்பாளர்:

இரவு பதினொன்று. தனிமடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் பேய்வெள்ளரி என்கிறார்கள். தலைப்பில் அதையே வைத்து, ‘விதையைப் பீச்சும் நச்சுக்காய், உண்ணவோ மூக்கில் விடவோ கூடாது’ என்று அடியில் சேர்க்கிறேன்.

மேற்கு மாம்பலம், தமிழாசிரியர்:

அடிக்குறிப்பு சரி. கும்மட்டிக் குழப்பம் அப்படியேதான் இருக்கிறது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.