பூல் (டேபிள்ல பந்தடிக்கிற பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம்) ஆடுறதுல மண்டைக்கு இவ்ளோ வேலையா? மத்த விளையாட்ட விட கஷ்டம்னு தோணுறது எனக்கு மட்டும்தானா?

ஈசூன்_இறகு:

வணக்கம் மக்களே. வீட்ல ஒரு வாக்குவாதம் ஓடிட்டு இருக்கு, இங்க கேட்டா ஒரு தெளிவு கிடைக்கும்னு வந்தேன். நான் 15 வருஷமா பேட்மின்டன் ஆடுறவன், கம்யூனிட்டி கிளப்ல வாரம் ரெண்டு நாள் கோர்ட் எடுத்துருவோம். போன வருஷம் ஆபீஸ் பசங்க இழுத்துட்டுப் போனதுல பூல் பிடிச்சுக்கிச்சு, இப்ப ராக்கெட் அலமாரில தூங்குது. என் தம்பி என்னடான்னா "கையில ஒரு குச்சி, ஏசி ரூம், நடுநடுவுல கோப்பி, வேர்க்கவே வேர்க்காது, இதுல என்னடா டென்ஷன், இதெல்லாம் ஒரு ஸ்போர்ட்டா"ன்னு ஓட்டுறான். சத்தியமா சொல்றேன், போன சனிக்கிழம வரைக்கும் நானே பாதி அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன்.

சனிக்கிழம ஒரு சின்ன போட்டி. நைன் பால், அதாவது 9ம் நம்பர் பந்த உள்ள போடுறவனுக்கு அந்த ரேக் (ஒரு சுத்து), 7 ரேக் எடுக்குறவன் ஜெயிப்பான். 6-6ன்னு நிக்குது. கடைசி ரேக்ல 8 உள்ள போயாச்சு, 9 மட்டும் மூலை பாக்கெட்டுக்கு ஒரு ஜாண் தள்ளி, நாம குச்சியால அடிக்கிற வெள்ளப் பந்து அதுக்கு நேர் பின்னாடி. நாள் பூரா போட்டாலும் போயிட்டே இருக்குற பந்து. குனியுறேன், அப்பதான் கவனிக்கிறேன், வலது கை கியூவ (அந்தக் குச்சிய) கோழி கழுத்த நெரிக்கிற மாதிரி பிடிச்சிருக்கு, இடது கை விரல்ல வேர்வ ஒட்டி கியூ ஓட மாட்டேங்குது, பக்கத்து டேபிள்காரனும் ஆட்டத்த நிறுத்திட்டு இங்கயே பாக்குறான். அடிச்சேன். 9 போய் பாக்கெட் வாயில அந்தப் பக்கம் ஒரு முட்டு இந்தப் பக்கம் ஒரு முட்டு முட்டிட்டு அங்கயே நின்னுருச்சு. எதிராளி எந்திரிச்சு வந்து லேசா தட்டி விட்டுட்டு கை குடுத்துட்டுப் போயிட்டாரு.

பேட்மின்டன்ல மூணாவது கேம் 20-20 எத்தனையோ தடவ ஆடிருக்கேன், தோத்துருக்கேன், ஆனா கை இப்படி வேத்தாள் கை மாதிரி ஆனதே இல்ல. இது எனக்கு மட்டும்தானா, இல்ல இந்த ஆட்டமே அப்படியா?

---

சாக்கட்டி:

தம்பி, வரவேற்கிறோம், இனிமே உங்களுக்கு சனிக்கிழம தூக்கம் கிடையாது.

நான் 20 வருஷத்துக்கு மேல ஆடுறேன், பெரிய ஆளுல்லாம் இல்ல, ஆனா பெரிய ஆளுங்ககிட்ட நெறைய தோத்த அனுபவம் இருக்கு. நான் பாத்த வரைக்கும் விஷயம் இதுதான். பேட்மின்டன்ல இறகு உங்கள நோக்கி வருது, யோசிக்க நேரமே இல்ல, பழகுன உடம்பு அதுவா கையத் தூக்கிரும். பயம் வர்றதுக்குள்ள ஷாட் முடிஞ்சிரும். பூல்ல பந்து அசையாம உக்காந்து உங்களயே பாத்துட்டு இருக்கு. எப்ப அடிக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். அந்த ரெண்டு செகண்ட் இடைவெளில தான் "போகலன்னா?"ங்கிற நெனப்பு உள்ள நுழையுது. கோல்ஃப் ஆடுறவங்களுக்கு குழி பக்கத்துல வந்து லேசா தட்டி விடுற குட்டி பட்ல கை நடுங்குறதும் இதே கதைதான், பெனால்டி கிக்கும் இதே கதைதான், என்ன ஒண்ணு, அவங்களுக்கு அது எப்பவாச்சும் வரும், நமக்கு ஒவ்வொரு ஷாட்டும் பெனால்டி கிக்.

ஆனா அத விட கொடும நாற்காலி. மத்த விளையாட்டுல எதிராளி நல்லா ஆடுனா நீங்க ஓடலாம், தடுக்கலாம், மூச்சு வாங்கலாம். இங்க ஒரு தப்பு பண்ணிட்டு வந்து உக்காந்தா அவ்ளோதான், அவரு ஆடி முடிக்கிற வரைக்கும் கைய கட்டிட்டு பாக்கணும். உடம்பு ஆறிப்போகும், மண்டை மட்டும் அந்த விட்ட பந்தயே திரும்பத் திரும்ப ஓட்டும்.

நம்ம சிங்கப்பூர் பூல் ஆட்டக்காரர் அலோஷியஸ் யாப் தெரியும்ல? 2014ல உலக ஜூனியர் சாம்பியன். 2021 பூல் யூஎஸ் ஓபன் ஃபைனல், அட்லாண்டிக் சிட்டில, பிலிப்பைன்ஸ் கார்லோ பியாடோ கூட. 13 ரேக் எடுக்கணும், யாப் 8-3ன்னு முன்னால. அதுக்கப்புறம் ஒரு ரேக் கூட கிடைக்கல. பியாடோ வரிசையா 10 ரேக் எடுத்து 13-8. நான் நடுராத்திரி உக்காந்து பாத்தேன், யாப் நாற்காலில இருக்குற முகத்த பாக்கவே முடியல, எந்திரிச்சுப் போய் மைலோ கலக்கிட்டு வந்தேன், வந்து பாத்தா இன்னும் அதே நாற்காலி. அதே மனுஷன் 2025ல அதே யூஎஸ் ஓபன ஜெயிச்சாரு. நடுவுல நாலு வருஷம் அந்த 10 ரேக்க எங்க கொண்டுபோய் வச்சாரோ, அதத்தான் நான் மன உறுதிம்பேன்.

இன்னொண்ணு, கேமரா வச்சு உங்க ஆட்டத்தப் பாருங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி கியூவ எத்தன தடவ முன்ன பின்ன ஆட்டுறீங்கன்னு எண்ணுங்க. நான் எண்ணிப் பாத்தேன். சும்மா ஆடுறப்ப 4, போட்டில 9, ஒரு தடவ 11. பதினோரு தடவ ஆட்டுற நேரத்துல ஒரு வீட்டுக்கடன் கணக்கே போட்ரலாம். நின்னுட்டு இருக்கும்போதே எந்தப் பந்து, எவ்ளோ வேகம், வெள்ளை எங்க வந்து நிக்கணும் எல்லாம் முடிச்சிரணும். குனிஞ்சப்புறம் யோசனை வந்தா எந்திரிச்சிருங்க, வெக்கமே படாதீங்க.

---

கருப்புக்குதிரை:

மன்னிக்கணும், கொஞ்சம் மிகையா இருக்கு. மூளை வேலைன்னு வந்துட்டா சதுரங்கத்துக்குப் பக்கத்துல எதுவும் நிக்காது. 2024 டிசம்பர்ல நம்ம செந்தோசால தான் குகேஷும் டிங் லிரெனும் உலக சாம்பியன் பட்டத்துக்கு ஆடுனாங்க, 14 ஆட்டம். கடைசி ஆட்டம், டிராவ நோக்கிப் போயிட்டு இருந்தது, 55வது நகர்த்தல்ல டிங் யானைய தப்பான கட்டத்துல வச்சாரு, முடிஞ்சது. நான் ஆபீஸ்ல ஒளிச்சு வச்சு பாத்துட்டு இருந்தேன், குகேஷுக்கு அது புரிஞ்ச அந்த செகண்ட் முகம் மாறுனது இன்னும் கண்ணுல இருக்கு. 18 வயசுப் பையன், மணிக்கணக்கா உக்காந்து. பூல்ல ஒரு ரேக் சில நிமிஷம்.

---

சாக்கட்டி:

கருப்புக்குதிரை சார், கணக்குப் போடுற மூளையில நீங்க சொல்றது சரி, ஒத்துக்கிறேன். ஆனா சதுரங்கத்துல யானைய ஒரு கட்டத்துல வைக்கணும்னு முடிவு பண்ணா யானை அங்க போய் நிக்கும்ல? எங்களுக்கு முடிவு சரியா இருந்தாலும் வெள்ளப் பந்து ரெண்டு இஞ்சு தள்ளிப் போய் வேற எதுக்காச்சும் பின்னாடி ஒளிஞ்சுக்கும். சரியான முடிவுக்கே தண்டனை வாங்குறது தனி வேதனை.

நேரமும் அப்படி ஒண்ணும் சின்னது இல்ல. 1996ல ஹாங்காங்ல எஃப்ரென் ரேயஸ், ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட்னு ரெண்டு பெரிய பூல் ஆட்டக்காரங்க 120 ரேக்குக்கு ஆடுனாங்க, நாள் கணக்குல போச்சு, முடிவு 120-117.

---

பத்துமீட்டர்:

உள்ள வரலாமா? நான் பூல் ஆடுறதில்ல, உயர்நிலைப் பள்ளில சிசிஏ (பாடத்துக்கு வெளிய சேருற நடவடிக்கை) ஏர் ரைஃபிள். இந்த கை வேத்தாள் கை ஆகுற சமாச்சாரம் படிச்சதும் சிரிச்சிட்டேன், எங்களுக்கு அது சோறு மாதிரி.

10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் தான். இதயம் துடிக்கிறது துப்பாக்கி முனைல தெரியும். அதனால படபடப்பு வந்தா மனசுல வந்துச்சா உடம்புல வந்துச்சான்னு பிரிக்கவே முடியாது. பீட்டா பிளாக்கர்னு இதயத் துடிப்பக் குறைக்கிற மருந்து இருக்கு, கை நடுக்கமும் அடங்கும், 2008 பெய்ஜிங்ல வட கொரியா வீரர் கிம் ஜோங் சு அது உடம்புல இருந்ததால ரெண்டு பதக்கத்த இழந்தாரு. இதுல உங்களுக்கு சுவாரசியமான சங்கதி, அந்த மருந்து ஓட்டப்பந்தயத்துல தடை கிடையாது, துப்பாக்கி, வில்வித்தை, கோல்ஃப், டார்ட்ஸ், அப்புறம் பில்லியர்ட்ஸ் வகை எல்லாத்துக்கும் தடை. ஊக்க மருந்து பட்டியல் போடுறவங்களே உங்க ஆட்டத்த எங்க ஆட்டம் பக்கத்துல தான் வச்சிருக்காங்க. இத உங்க தம்பிகிட்ட காட்டுங்க அண்ணே.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லணும். எங்களுக்கு எதிராளி என்ன பண்ணாலும் நம்ம இலக்கு அதே இடத்துல அதே மாதிரி தான் இருக்கும், 60 தடவையும். உங்களுக்கு ஒவ்வொரு ஷாட்டும் புதுசு, அதுவும் அடுத்த ஷாட்டுக்கு நீங்களே எடம் போட்டுக்கணும். அத நெனச்சா எனக்கு உங்க ஆட்டம்தான் கஷ்டம்னு படுது. எங்க கோச் ஒண்ணு சொல்லுவாங்க, கண்ணு கடைசியா எங்க நிக்குதோ அங்க அசையாம நிக்க விடு, கை தானா அடங்கும்னு. நீங்க அந்த 9ஐ அடிக்கிறப்ப கண்ணு எங்க இருந்துச்சு, பந்துலயா பாக்கெட்லயா?

---

புளோக்குகீழே_கேரம்:

கேரம்போர்டு பத்தி ஒருத்தரும் பேசல பாருங்க. 80கள்ல எங்க புளோக் கீழ வாய்ட் டெக்ல (தரைத்தள காலி இடத்துல) ராத்திரி 12 வரைக்கும் ஓடும், சிவப்புக் காய போட்டுட்டு அடுத்து போட வேண்டிய ஃபாலோ காய விட்டா அப்பா வயசு ஆளுங்களே அசிங்கமா திட்டுவாங்க, அந்த பிரஷருக்கு முன்னாடி உங்க 6-6 எல்லாம் சும்மா. சென்னை கசிமா 2024ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் வாங்குச்சு, ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு. அதப் பத்தி ஒரு வாரம் கூட யாரும் பேசல.

வேர்வைக்கு பவுடர் போடு தம்பி. கேரம் பவுடர் இல்ல, குழந்தைக்குப் போடுறது, கொஞ்சமா. டேபிள் துணில கொட்டுன, கடைக்காரர் வெளிய தள்ளிருவாரு.

---

ஈசூன்_இறகு:

எல்லாருக்கும் நன்றி, பவுடர் வாங்கியாச்சு.

@பத்துமீட்டர், நீங்க கேட்டதுக்கு ரெண்டு நாளா யோசிச்சேன். பந்துலயும் இல்ல பாக்கெட்லயும் இல்ல. ஓரக்கண்ணுல எதிராளி கியூவ கழட்டி பைல வைக்க ஆரம்பிச்சாரு, அதப் பாத்துட்டேன். அவரு தோத்துட்டோம்னு முடிவு பண்ணிட்டாரு, நானும் ஜெயிச்சுட்டோம்னு முடிவு பண்ணிட்டேன், 9 மட்டும் இன்னும் டேபிள்ல இருந்துச்சு.

@சாக்கட்டி அண்ணே, நேத்து தனியா போய் போன்ல வீடியோ எடுத்து எண்ணுனேன், 5. போட்டில எவ்ளோன்னு கேக்காதீங்க, பிரண்ட் எடுத்த வீடியோ இருக்கு, இன்னும் திறந்து பாக்கல. தம்பிய வியாழக்கிழம கூட்டிட்டுப் போறேன், தோத்தவன் தேக்கா மார்க்கெட்ல பிரியாணி வாங்கிக் குடுக்கணும்.

---

கருப்புக்குதிரை:

எந்த இடம், ஒரு மணி நேரத்துக்கு எத்தன வெள்ளி வாங்குறாங்க? சும்மா கேட்டேன், ஆடுறதுக்கு இல்ல.