புதுப்பிப்பு: எம்340ஐயா எஸ்5ஆ, முடிவு பண்ணியாச்சு

60 லட்சத்துக்குள்ள பழைய பிஎம்டபிள்யூ எம்340ஐ எடுக்கவா ஆடி எஸ்5 எடுக்கவான்னு கேட்டிருந்தேன்ல, பாதிப்பேரு எஸ்5னு சொன்னீங்க, ஓட்டியும் பாத்தேன், உள்ள சொகுசு அள்ளுது, ஆனா கடைசில எம்340ஐ தான். 3 லிட்டர் இன்ஜின், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசைல, 387 குதிரைத்திறன், மிதிச்சா ஒரே சீரா இழுக்குது பாருங்க, எஸ்5ல இருக்க வி6ல (ஆறு சிலிண்டர் V வடிவுல) எனக்கு அந்த ஃபீல் வரல. அதோட இது சென்னை பக்கத்துல அசெம்பிள் ஆன வண்டி, எஸ்5 முழு இறக்குமதி.

முதல்ல பாத்தது பெங்களூரு வண்டி, விலை கம்மி, ஆனா அங்க ஆர்டிஓகிட்ட என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கி இங்க தமிழ்நாட்டுல மறுபடி ரோடு டாக்ஸ் கட்டினா மிச்சமே இல்ல. அதுவும் போக 2021 மாடல், மீட்டர்ல 14 ஆயிரம் கிலோமீட்டர், டயர் ஓரத்துல பாத்தா 3523னு இருக்கு, அதாவது 2023ல 35வது வாரம் செஞ்ச டயர், நாலுமே அப்படித்தான். 14 ஆயிரத்துக்குள்ள நாலு டயரும் மாத்திருக்காங்கன்னா ஒண்ணு ரேஸ் டிராக்ல போட்டு தேய்ச்சிருக்கணும், இல்ல மீட்டர்ல கை வச்சிருக்கணும். கேட்டா புரோக்கர் அண்ணன் பேச்ச மாத்துறாரு!

எடுத்தது கோயம்புத்தூர் வண்டி, ஒரே ஓனர், சர்வீஸ் ரெக்கார்டு முழுசா இருக்கு. எம்340ஐ வச்சிருக்கவங்க சொல்லுங்கப்பா, தினசரி ஓட்ட எக்ஸ்பி95 (இந்தியன் ஆயிலோட 95 ஆக்டேன் பெட்ரோல்) போதுமா இல்ல 100 ஆக்டேனே ஊத்துறீங்களா?